காது வெட்டிய கிடாக்கள்

கிடாக்கள் மொத்தம் நாற்பத்தொன்று. அந்தக் கார்த்திகை மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. விடிந்ததும் ஒரு தடவை. தண்ணீர் காட்டும்போது ஒரு தடவை. உலை வைத்துவிட்டு, அரிசி கொதிப்பதற்குள் தோப்புக்கு ஓடிப் போய் ஒரு தடவை. நாற்பது என்று வந்தால் காணாமல்போன ஒன்றைத் தேடித் தோப்பைச் சுற்றுவேன். நாற்பத்திரண்டு என்று வந்தால் அதைவிட மோசம். அடுத்தவன் ஆடு நம்மிடம் இருக்கிறது என்றால் நம்முடையது எங்கே என்று யோசனை ஓடும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கணக்கில் எனக்கு என் மேலேயே நம்பிக்கை கிடையாது. அதனால் இன்னொரு தடவை எண்ணுவேன்.

அவை என் அப்பாவின் கிடாக்கள். படாளத்துக்குக் கிழக்கே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவுக்கு நிலம் கொஞ்சம்தான். ஆடுதான் சோறு போட்டது. எங்கள் பக்கத்துச் செம்மறி எல்லாம் சிவப்பாக, செங்கல் நிறத்தில் இருக்கும். மயிர் கம்பளிக்கு ஆகாது, கறிக்குத்தான். தீபாவளிக்கு ஐந்து, பொங்கலுக்கு மூன்று என்று செங்கல்பட்டுக் கறிக்கடைக்காரர் வந்து பிடித்துக்கொண்டு போவார். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். மொத்தமாகக் கிடாக்களை ஏற்றி அனுப்புவது என்பது எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத விஷயம்.

அதைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். அவர் நெம்மேலிக்காரர், கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை. கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி எடுப்பார். அதை வைத்துக் குப்பத்தில் அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. மீன் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், மெட்ராஸில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஆடு சேர்த்துக் கொடுக்கிற வேலையில் எப்படியோ புகுந்துவிட்டார். எழுபதுகளின் நடுவில் அது புது வேலை. அரபு நாடுகளில் எண்ணெய்க் காசு கொட்டுகிறது என்று பேப்பரில் எல்லாம் வந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் அவர் அதை விளக்கிய விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"மாமா, அங்க பூமியைத் தோண்டினா எண்ணெய் பீச்சிகினு வருது. டப்பு எண்ண ஆளு இல்ல. மூணு வேளையும் கறி துன்றான். ஆனா ஆடு மேய்க்கப் புல்லு ஏது? மணலுதான் கீது. அப்ப ஆடு எங்கேர்ந்து போவும்? இங்கேர்ந்துதான் போவும்."

"நம்ம ஆடு அவனுக்குப் புடிக்குமா?" என்று கேட்டார் அப்பா.

அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த ஊர் ஆட்டுக்கு வால் தலையணை மாதிரி கொழுத்துத் தொங்குமாம். முதல் கப்பலில் நம் ஆடுகள் போய் இறங்கியபோது வாங்க வந்தவன் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, வால் எங்கே, வழியில் தின்றுவிட்டீர்களா என்று கேட்டானாம்.

கேலியெல்லாம் வெளியே வேறு மாதிரி வந்தது. செங்கல்பட்டில் ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கே கறிக்கடைகளில் வெறும் கொக்கிதான் தொங்கும். விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் பஸ்ஸில் என் வீட்டுக்காரரைத் தெரிந்த கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார். "இன்னா மச்சான், ஆட்டையெல்லாம் அரபிக்கு அனுப்பிட்டியாமே. எங்களுக்கு எலும்பாவது வச்சிருக்கியா?" பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரார் வயிற்றெரிச்சல் நம் மேல் விழுகிறதே என்று அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி ஏமாற்றிவிட்டது. கார்த்திகை பிறந்தும் ஏரியில் தண்ணீர் ஏறவில்லை. எங்கள் ஊர்ப் புறம்போக்கில் புல்லின் வேர்கூட மிஞ்சவில்லை. அப்பா கூரை வைக்கோலைப் பிய்த்துப் போட ஆரம்பித்திருந்தார். எழுபதை ஒட்டி உருப்படி. எல்லாவற்றையும் வைத்துக் காப்பாற்ற முடியாது. பெட்டை ஆடுகள்தான் மந்தை. அவை இருந்தால் குட்டி வரும், குட்டி வந்தால் பிழைப்பு வரும். ஆகவே கிடாக்கள் முழுவதையும் கப்பலுக்குக் கொடுப்பது, வருகிற காசில் வைக்கோலும் கடலைக்கொடியும் வாங்கி இருபத்தெட்டுப் பெட்டைகளையும் கோடைவரை இழுத்துக்கொண்டு போவது. அதுதான் அப்பாவின் திட்டம். தீபாவளிக்கு வந்த கறிக்கடைக்காரரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

நெம்மேலியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சவுக்குத் தோப்பு. கப்பல் வருகிறவரை ஆடுகளை நிறுத்திவைக்கக் கம்பெனி அதை வாடகைக்கு எடுத்திருந்தது. மணலில் இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழை இல்லாவிட்டாலும் அங்கே தண்ணீருக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரர் கிடாக்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கப்பல் சேதி கேட்க மெட்ராஸ் போனார். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனவை மூன்று. கொம்பு உடையக் கூடாது. கால் நொண்டக் கூடாது. உடம்பில் தார், பெயின்ட், சாயம் எதுவும் படக் கூடாது. கம்பெனிக்காரர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு அவர்களே அவர்கள் அடையாளத்தை அடிப்பார்கள்.

மூன்றையும் நான் சாமி வார்த்தை மாதிரி பிடித்துக்கொண்டேன்.

அவர் போன மறுநாள் இன்னொரு ஏஜென்ட் வந்து சேர்ந்தார். படூர்ப் பக்கத்து ஆள். லாரியிலிருந்து நூறு கிடாக்கள் இறங்கின. எல்லாம் அதே சிவப்பு, அதே உயரம், அதே வயசு. தோப்பின் நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, பனை மட்டையைச் சாத்தி, இந்தப் பக்கம் உனக்கு அந்தப் பக்கம் எனக்கு என்றார். பனை மட்டைக்கு ஆடு பயப்படுமா. சாயங்காலத்துக்குள் என் கணக்கு நாற்பத்து மூன்று வந்தது.

நான் போய்ச் சொன்னேன். பீடி குடித்துக்கொண்டிருந்த அவர் எழுந்து வந்து, என் பக்கத்திலிருந்து கைக்கு அகப்பட்ட இரண்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் விட்டார்.

"அதுங்கதான் உங்களுதுன்னு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"ரெண்டு வந்துச்சு, ரெண்டு போச்சு. சரியாப் போச்சே அண்ணி."

"எங்க நைனா வூட்டுக் கிடா போயிருந்தா?"

"அப்ப ஒண்ணு பண்ணு. ஒவ்வொண்ணா நிக்க வச்சி நீ யாரு வூட்டுப் புள்ளன்னு கேளு. பதில் சொல்லும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நல்ல மனுஷர்தான். ஆனால் எனக்கு அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. அப்பாவின் கிடாக்கள் நன்றாகத் தின்று வளர்ந்தவை. அவற்றுக்குப் பதில் நோஞ்சான்கள் நம் பக்கம் வந்துவிட்டால்? தேர்வு செய்கிற நாளில் பாதியைக் கழித்துவிட்டால்? வீட்டுக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்வேன், அப்பாவுக்கு என்ன சொல்வேன்?

உடம்பில் எதுவும் பூசக் கூடாது. சரி. அப்போதுதான் காது ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் பெட்டைக் குட்டிக்கு மூன்று மாசம் ஆனதும் காதில் அடையாளம் வெட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு வெட்டு. சிலர் நுனியை நறுக்குவார்கள், சிலர் நடுவில் கீறுவார்கள். எங்கள் வீட்டுக்கு வலது காதின் கீழ் ஓரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு. பத்து மந்தை ஏரிக்குள் கலந்தாலும் காதைப் பார்த்துப் பிரித்துவிடலாம். சின்ன வயசில் குட்டிகளை மடியில் அமுக்கிப் பிடிப்பது என் வேலை. பிறகு வெட்டவும் கற்றுக்கொண்டேன். கிடாவுக்கு மட்டும் வெட்டுவதில்லை. விற்றுப்போகிற உருப்படிக்கு அடையாளம் எதற்கு என்று விட்டுவிடுவார்கள். அதற்கு வேறு காரணம் எதுவும் இருந்ததாக நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் மத்தியானம் நாத்தனாரைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவள் கிடாவைச் சாய்த்து முட்டியால் அழுத்திக்கொள்வாள். நான் சூரிக் கத்தியைத் தணலில் காட்டி, காதை மடித்து, ஒரே இழுப்பில் வெட்டி, சாம்பலும் மஞ்சளும் அப்புவேன். கத்துகிற கத்தலில் படூர்க்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணி, கம்மல் போடப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கும் அந்த வேலையில் அதுதான் முதல் வருஷம். அவருக்குத் தெரிந்திருந்தால் தடுத்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வெளிச்சம் மங்கியபோது முப்பத்து மூன்று முடிந்திருந்தது. கத்தி மழுங்கிவிட்டது. மீதி எட்டைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். இனி எவன் ஆடும் எங்கள் ஆட்டோடு கலக்காது.

காலையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கப்பல் வந்துவிட்டது, நாளைக்கே தேர்வு, நாளைக்கே லாரி என்று சொல்லிக்கொண்டே தோப்புக்குள் போனார். போனவர் குரல் நின்றுவிட்டது. நான் பின்னாலேயே போனேன். ஒரு கிடாவின் காதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அடுத்ததன் காது. பிறகு அடுத்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு வெட்டினது?"

"நான்தான். கலந்துடும்னு..."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார். இந்தக் கப்பல் பக்ரீத்துக்குப் போகிற கப்பல். குர்பானி கொடுக்கிற ஆடு ஊனமில்லாமல் இருக்க வேண்டும். கண், கொம்பு, கால், காது எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். காது வெட்டுப்பட்டதை வாங்க மாட்டார்கள்.

"நீங்க கொம்பும் காலும்தான சொன்னீங்க."

"உங்க நைனா கிடாவுக்குக் காது வெட்டமாட்டாரு. எனக்குத் தெரியும். வெட்டாத காதைப் பத்தி நான் எதுக்குடி சொல்லப் போறேன்?"

அன்றைக்குப் பூராவும் நான் யோசித்தது ஒன்றே ஒன்று. கிடாக்கள் போகாவிட்டால் பெட்டைகள் என்ன ஆகும்? கிடாக்களைத் திரும்ப ஊருக்கு ஓட்டினால், இருக்கிற கொஞ்சம் வைக்கோலையும் பங்கு போட வேண்டும். ஓட்டாவிட்டால், தோப்பு நாளையோடு கம்பெனி கையை விட்டுப் போகிறது. அடுத்த கப்பல் பொங்கல் கழித்து. படூர்க்காரரோடு மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட என் புத்தி போனது. அதற்கும் வழியில்லை. மாறக் கூடாது என்றுதானே வெட்டினேன்.

கப்பல் சேதி கிடைத்து மத்தியானம் அப்பா வந்துவிட்டார். கப்பலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. துறைமுகம்வரை லாரியில் போகப் புது வேட்டி கட்டிக்கொண்டு, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மகாபலிபுரம் என்று மூன்று பஸ் மாறி வந்திருந்தார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே தோப்புக்குப் போனார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணால் காட்டினார்.

அப்பா ஒரு கிடாவின் காதைத் தூக்கிப் பார்த்தார்.

"கிடாவுக்கு எதுக்கும்மா வெட்டின?"

"பக்கத்துல வேற மந்தை வந்துச்சு நைனா. கலந்துடப் போவுதுன்னு."

அவர் கட்டைவிரலால் அந்த வெட்டைத் தடவினார். "சுத்தமா வெட்டிகிறே கண்ணு. ஒண்ணுல கூட சீழு வைக்கல. உங்க அண்ணனுக்கு இன்னும் கை நடுங்குது" என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. எனக்கு அங்கேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

சாப்பிடும்போது ஊர்ச் சேதி சொன்னார். ஏரி வெடித்துக் கிடக்கிறது. இரண்டு பெட்டைகளுக்குச் சினை கலைந்துவிட்டது. மதுராந்தகத்தில் கடலைக்கொடிக்குச் சொல்லி வைத்திருக்கிறார், ஆடு கப்பல் ஏறிய மறுநாள் வண்டியோடு போய் ஏற்ற வேண்டியதுதான். "இதுங்க போயிட்டா அதுங்க பொழச்சிக்கும்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை மோர் வேண்டுமா என்று கேட்டேன். இரண்டாவது தடவை அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மூன்றாவது தடவை ஒன்றும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. தேர்வு செய்ய வருகிறவர் எல்லா ஆட்டையும் பார்ப்பதில்லை. முன்னால் நிற்கிற ஏழெட்டைப் பிடித்துப் பார்ப்பார். தெரிந்த ஏஜென்ட் என்றால் மீதியை ஒரு பார்வையில் விட்டுவிடுவார். காது வெட்டாத எட்டை முன்னால் கட்டி, மற்றதை வேலியோடு நெருக்கி, பார்க்கிறவர் முகத்தில் வெயில் படுகிற பக்கம் நிறுத்தினால் போதும்.

"அங்க போயி இறங்கினப்புறம்?" என்றேன்.

"அங்க போயி அவன் பாத்துக்கட்டும். கப்பல் திரும்பியா வரப் போவுது?"

திரும்பி வராது என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனாலும் படுத்தால் தூக்கம் வரவில்லை. யாரோ முன்பின் தெரியாத மனுஷன், பண்டிகைக்கு என்று வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகள் முன்னால் காதைத் தூக்கிப் பார்ப்பதாக நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

காலை எட்டு மணிக்கு லாரியும் அவரும் வந்தார்கள். அறுபதை நெருங்கிய மனுஷர், வெள்ளைத் தாடி, மெட்ராஸ்காரர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் படூர்க்காரரின் மந்தை. ஒவ்வொரு ஆட்டுக்கும் இடது கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து, வலது கையால் பல், கண், கொம்பு, காது என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனார். நூறில் எண்பதுக்கு மேல் பார்த்திருப்பார். புது ஏஜென்ட் என்பதால் அப்படி.

எங்கள் பக்கம் வந்தார். முன்னால் நின்ற எட்டையும் பார்த்தார். எட்டும் அப்பாவின் வளர்ப்பில் முதல் தரம்.

"மாஷா அல்லா. எல்லாம் ஒரே வூட்டு மந்தையா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"ஆமா பாய். எங்க மாமனாரு மந்தை. தோ, அவுருதான்."

பாய் அப்பாவைப் பார்த்து நெற்றியில் கைவைத்தார். அப்பாவும் கும்பிட்டார். "நல்லா வளத்துகிறீங்க. பாக்கிய பாக்க வேணாம். ஒரே கை வளத்தது தெரியுது" என்று சொல்லிவிட்டு, பெயின்ட் டப்பா வைத்திருந்த ஆளைப் பார்த்துக் கையசைத்தார். அந்த ஆள் குச்சியைப் பெயின்ட்டில் தோய்த்துக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தான்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் நான் சும்மா நின்றிருந்தால் போதும்.

நான் நல்லவள் என்பதால் பேசினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயத்தில்தான் பேசினேன். இதை வாயில் அடக்கிக்கொண்டு போனால் இனிமேல் ஒவ்வொரு கார்த்திகையிலும், கப்பல் என்கிற சொல்லைக் கேட்கிற ஒவ்வொரு நாளும், யார் கண்டுபிடித்தார்கள், என்ன ஆயிற்று, யார் தேடி வருவார்கள் என்று நினைத்தே நான் செத்துவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

"பாய், பின்னால நிக்கறதோட காதைப் பாருங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெயின்ட்காரன் நின்றான். பாய் மெதுவாக வேலி ஓரம் போய் ஒரு கிடாவைப் பிடித்தார். காதை விரித்தார். அடுத்தது. அடுத்தது. ஆறு ஏழு பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு வெட்டினது?"

"நான்தான். எனக்குத் தெரியாது பாய். வேற மந்தையோட கலந்துடும்னு வெட்டினேன். இவுரு மேல தப்பு இல்ல."

வெட்டின் அளவை விரல் நுனியால் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் தெரிந்தது. "கொஞ்சம்தான் போயிருக்கு. ஆகும்னு சொல்ற ஆளும் இருப்பாங்க. ஆனா அங்க வாங்க வர்றவன் மொதல்ல காதைத்தான் தூக்கிப் பாப்பான். அவன் வேணாம்னா நான் இன்னா பண்றது?" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "உன்னை நம்பி நான் பாக்காம வுட்டேன்."

எட்டு கிடாக்களுக்கு மட்டும் பெயின்ட் அடித்தார்கள். போகும்போது பாய் என்னிடம் நின்று, "தங்கச்சி, நீ சொல்லலன்னா ஆட்டு யாவாரத்துல இருபது வருச பேரு எனக்குப் போயிருக்கும்" என்றார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மணலில் உட்கார்ந்திருந்தார். புது வேட்டியைப் பற்றி நினைப்பே இல்லை. லாரி கிளம்பியது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஏறிப் போனார். படூர்க்காரர் தன் கயிற்றைச் சுருட்டினார். சத்தமெல்லாம் அடங்கிய பிறகு அப்பா கேட்டார்.

"நேத்தே ஏம்மா என்கிட்ட சொல்லல?"

நான் அழுதேன்.

அன்று சாயங்காலத்துக்குள் தோப்பைக் காலி செய்ய வேண்டும். அப்பாவும் நானும் முப்பத்து மூன்று கிடாக்களையும் ஓட்டிக்கொண்டு கிளம்பினோம். படாளத்துக்கு அல்ல, செங்கல்பட்டுக்கு. ஊருக்கு ஓட்டிக்கொண்டுபோய்ப் பட்டினி போடுவதைவிட, வழியில் யார் காலையாவது பிடிக்கலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். யார் கால் என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் நடை. வழியெல்லாம் வயல்கள் வெளுத்துக் கிடந்தன. பூவரசு எங்கே கண்டாலும் அப்பா தொரட்டியால் கிளையை இழுத்துப் பிடிப்பார், கிடாக்கள் மொய்க்கும். திருக்கழுக்குன்றத்தில் ஒரு சத்திரத்துத் தோட்டத்தில் தங்கினோம். அந்த இரண்டு நாளும் அவர் என்னோடு பேசியது ஆடுகளைப் பற்றி மட்டும்தான். அந்தக் குட்டைக் கிடாவை மடக்கு, இதை முன்னால் விடு, இப்படி.

கறிக்கடைக்காரர் கடை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடையில் கொக்கிகள் காலியாக இருந்தன. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தீபாவளிக்கு அவரை வெறுங்கையோடு அனுப்பிய மனுஷர், இன்று மந்தையோடு போய் அவர் வாசலில் நிற்கிறார். கறிக்கடைக்காரர் பேப்பரை மடித்தார். மடித்த பேப்பரை இன்னொரு தடவை மடித்தார். எழுந்து வந்து கிடாக்களைச் சுற்றி நடந்தார். காதுகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அரபிக்காரன் வேணாம்னுட்டானா பெரியவரே?"

"ஆமா" என்றார் அப்பா.

"அவன் வேணாம்னதும் எங்க ஞாபகம் வந்துச்சா?"

"ஆமா."

நான் நடுவில் புகுந்து, தப்பு என்னுடையது என்று சொல்ல ஆரம்பித்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கறிக்கடைக்காரர் இன்னொரு தடவை கிடாக்களைச் சுற்றி வந்தார். அவருக்கும் வேறு வழி இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. கப்பலுக்கு என்று ஏஜென்ட்டுகள் சுற்றுவட்டாரத்தையே வழித்துக்கொண்டு போனதில் அந்தக் கடைக்கு மூன்று வாரமாக ஆடு வரவில்லை. ஒரு பையனை அனுப்பி மற்ற மூன்று கடைக்காரர்களையும் கூப்பிட்டார். அவர்களுக்குள் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். கப்பல் விலையில் முக்கால் பங்குகூட வரவில்லை. அப்பா பேரம் பேசவில்லை.

கடைசிக் கிடாவையும் கட்டிய பிறகு கறிக்கடைக்காரர் ஒன்று கேட்டார். "வர்ற வருசம் கிடாவை மொதல்ல எங்களுக்குக் காட்டணும். நாங்க வேணாம்னா அப்புறம் கப்பலு. வாக்கு குடுக்கறியா?"

அப்பா கொடுத்தார்.

வந்த காசுக்குத் தை பாதிவரைதான் கொடி வந்தது. பங்குனியில் மழை பெய்வதற்குள் இருபத்தெட்டில் ஒன்பது பெட்டைகள் போய்விட்டன. ஒவ்வொன்று போகும்போதும் அண்ணன் கார்டு போட்டான். பெரிய எழுத்தில் ஒரு வரிதான் இருக்கும். தபால்காரர் வருகிற நேரத்தில் நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வேன்.

அடுத்த வருஷம் கப்பல்கள் அதிகமாயின. விலை இன்னும் ஏறியது. என் வீட்டுக்காரர் அப்பாவிடம் போய், இந்தத் தடவை கப்பல்காரன் கொடுக்கிற விலையைச் சொன்னார். செங்கல்பட்டில் கிடைப்பதைப் போல ஒன்றரை மடங்கு. அப்பா கேட்டுக்கொண்டு, "வாக்குக் குடுத்துட்டேன் மாப்ளே" என்றார். அதோடு சரி. வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் கேட்டார். "அன்னிக்கு நீ வாயை மூடிகினு இருந்தா, அந்த ஒம்போதும் இன்னிக்கு இருந்திருக்கும் இல்ல?"

இருந்திருக்கும். அதை நானும் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்த கணக்குதான்.

அந்தக் கார்த்திகையில் ஆடு சேர்க்க அவர் லாரி எடுத்துக்கொண்டு போனபோது நானும் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். பெரிய ரோட்டிலிருந்து இறங்கி, ஊர் ஊராக நின்று கிடாக்களை ஏற்றினோம். எங்கள் ஊருக்குள்ளும் அதே பாதைதான். வளைவு திரும்பியதும் அவர் ஹாரன் அடித்தார். அப்பா கொட்டகையிலிருந்து வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை மறைத்துப் பார்த்து, எங்களைக் கண்டதும் கையைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். லாரி நிற்கவில்லை.